ஓடும் முன் ஏழு கேள்விகள்

1984ஆம் ஆண்டு ஜூலை 20. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மான்ட் மாநிலத்தில் ஹார்ட்விக் என்றொரு சிற்றூர். ஓட்டப் பயிற்சிக்காகக் கிளம்பிய 52 வயது மனிதர் ஒருவர் சாலையோரம் விழுந்து கிடந்தார். அவ்வழியே வந்தவர் பார்த்தபோது உயிர் போயிருந்தது.

அவர் ஜிம் ஃபிக்ஸ். 1977இல் அவர் எழுதிய ஓட்டப் பயிற்சி நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்க நடுத்தர வர்க்கத்தைச் செருப்பைக் கழற்றி ஷூ மாட்ட வைத்த புத்தகம் அது. ஓட்டத்தின் தூதராகக் கொண்டாடப்பட்டவர் ஓடியே செத்தார் என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. சோபாவை விட்டு எழ மனமில்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு அது ஓர் ஆறுதல் செய்தியாகவும் இருந்தது. “பார்த்தீர்களா, இதற்குத்தான் நாங்கள் ஓடுவதில்லை!”

பிரேதப் பரிசோதனை வேறொரு கதையைச் சொன்னது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மூன்று முக்கியத் தமனிகளில் ஒன்று 95 சதவீதம் அடைபட்டிருந்தது, இன்னொன்று 85, மூன்றாவது 70. அதாவது, அவர் காலமெல்லாம் ஓடியது ஏறக்குறைய மூடிய குழாய்களோடு. அவருடைய தந்தைக்கு முதல் மாரடைப்பு 35 வயதில் வந்தது, 43 வயதில் இறந்தார். ஃபிக்ஸ் ஓடத் தொடங்கியதும் 35 வயதில்தான். அப்போது உடல் பருமன் இருந்தது. சிகரெட் பாக்கெட் பாக்கெட்டாகத் தீர்ந்துகொண்டிருந்தது. புகையை விட்டார், எடையைக் குறைத்தார், தினமும் மைல்கணக்கில் ஓடினார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. ‘ஏரோபிக்ஸ்’ என்ற சொல்லை மக்களிடம் கொண்டுபோன மருத்துவர் கென்னத் கூப்பர், டல்லாஸில் உள்ள தன் மையத்துக்கு வந்து டிரெட்மில் சோதனை செய்துகொள்ளும்படி அவரை அழைத்தார். ஃபிக்ஸ் மறுத்துவிட்டார்.

ஓட்டம் அவரைக் கொன்றதா, தந்தையின் வயதைத் தாண்டி ஒன்பது ஆண்டுகள் வாழவைத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அதைவிடச் சின்னக் கேள்வி. பயிற்சியைத் தொடங்கும் முன் ஒருவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும், எது வீண்?

ஆபத்து எந்த மணி நேரத்தில்?

உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதற்கு முதல் வலுவான சான்று லண்டன் பேருந்துகளில் கிடைத்தது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே டிக்கெட் கிழித்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நோய் வந்த நடத்துநர்களுக்கும் அதன் கடுமை குறைவு. பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே போயின.

ஆனால் இதே உழைப்பு, அதைச் செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில், ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. 1993இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் மாரடைப்பிலிருந்து பிழைத்த 1,228 பேரிடம் பேசினார்கள். வலி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று விசாரித்தார்கள். வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ கடும் உழைப்பு செய்து பழகியவர்களுக்கு, அந்தக் கடும் உழைப்பு நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு சாதாரண நேரத்தைப் போல் 2.4 மடங்கு. உடம்பை அசைக்காமலே இருந்து ஒரு நாள் திடீரென்று வேகம் காட்டியவர்களுக்கு 107 மடங்கு.

நூற்றேழு மடங்கு என்றதும் ஷூவைக் கழற்றி வைத்துவிட வேண்டாம். நோய் இல்லாத, புகைக்காத 50 வயதுக்காரருக்கு ஏதோவொரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. அதை நூறால் பெருக்கினாலும் பத்தாயிரத்தில் ஒன்றுதான். அமெரிக்க ஆண் மருத்துவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், சுமார் 15 லட்சம் முறை கடும் பயிற்சி செய்தால் ஒரு திடீர் மரணம் என்ற கணக்கு வந்தது.

இந்த எண்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்குத்தான் முதல் சில வாரங்கள் அதிக ஆபத்து. அந்த ஆபத்தும் பயிற்சியால் வருவதைவிடத் தாவலால் வருகிறது: பத்து வருடம் நாற்காலி, பதினோராம் வருடம் ஜனவரி முதல் தேதி டிரெட்மில்லில் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம்.

உடலுக்குள் நடப்பது இதுதான். மற்ற தசைகள் தமக்கு வரும் ரத்தத்திலிருந்து தேவைக்கேற்பக் கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. ஓய்வாக இருக்கும்போதே வரும் ஆக்சிஜனில் முக்கால் பங்கை அது எடுத்துவிடுகிறது. வேலை கூடினால் ரத்த ஓட்டத்தை நான்கைந்து மடங்கு கூட்டுவதுதான் ஒரே வழி. 70 சதவீதம் அடைபட்ட தமனி ஓய்வில் ஒரு குறையும் காட்டாது, ஓட்டத்தில் கைவிரிக்கும். கூடவே அட்ரினலின் பொங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பழகாத உடலில் ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை அலைக்கழிப்பில், தமனிச் சுவரில் இருக்கும் கொழுப்புப் படிவு ஒன்று வெடித்தால் அதன் மேல் ரத்தம் உறையும். நிமிடங்களில் அடைப்பு முழுமையாகும்.

கனடாவில் பிறந்த ஒரு தாள்

1970களில் கனடா அரசு மக்களை அசைய வைக்க ஒரு வழி கண்டுபிடித்தது. வீட்டுப் படிக்கட்டில் இரண்டு படி ஏறி இறங்க வேண்டும். தாளத்துக்கு ஓர் இசைத்தட்டு. வயதுக்கேற்ற வேகத்தில் இசை ஒலிக்கும், அதற்கேற்பக் கால் போடலாம். முடிந்ததும் நாடி பிடித்து எண்ணினால் உங்கள் தகுதி தெரிந்துவிடும். அருகில் மருத்துவர் இல்லை, கருவி இல்லை.

அங்கேதான் சிக்கல். கோடிப் பேர் வீட்டில் தனியாகப் படி ஏறப்போகிறார்கள். யார் ஏறக் கூடாது என்று எப்படிச் சொல்வது? பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சுகாதாரத் துறை ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. சுருக்கிச் சுருக்கி ஏழு கேள்விகளாக்கினார்கள். ‘பார்-க்யூ’ என்று உலகெங்கும் ஜிம்களில் இன்று நீட்டப்படும் தாளின் மூலம் அதுதான். 15 முதல் 69 வயது வரையானவர்களுக்கானது. 1994இல் திருத்தப்பட்டது, 2011இல் ‘பார்-க்யூ பிளஸ்’ ஆக விரிந்தது.

ஏழு கேள்விகளின் சாரம் இது. இதய நோய் இருப்பதாக மருத்துவர் எப்போதாவது சொன்னாரா? உழைக்கும்போது நெஞ்சுவலி வருகிறதா? கடந்த ஒரு மாதத்தில் சும்மா இருக்கும்போது வந்ததா? தலைசுற்றி நிலை தடுமாறியதோ, மயங்கி விழுந்ததோ உண்டா? பயிற்சியால் மோசமாகக்கூடிய எலும்பு, மூட்டுப் பிரச்சினை உண்டா? ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நீங்கள் பயிற்சி செய்யக் கூடாது என்பதற்கு வேறு காரணம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?

ஒரு தாள், ஒரு பேனா, இரண்டு நிமிடம். இதில் ஊசி இல்லை, செலவு இல்லை. ஆனால் பதில் உண்மையாக இருக்க வேண்டும்.

“அது கேஸ்தான் சார்”

நம் ஊர் ஜிம் ஒன்றின் வரவேற்பு மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர வந்தவர் ஆங்கிலப் படிவத்தைப் புரட்டுகிறார். “எல்லாத்துக்கும் ‘நோ’ டிக் பண்ணிட்டு, கீழே கையெழுத்துப் போடுங்க சார்” என்கிறார் மேசைக்குப் பின்னால் இருக்கும் இளைஞர். வந்தவரும் போடுகிறார். கட்டணம் கைமாறுகிறது. ஏழு கேள்விகளும் கேட்கப்பட்டுவிட்டன, ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை.

அக்கறையோடு வாய்விட்டுக் கேட்டாலும் தமிழில் ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. “நெஞ்சுவலி இருக்கா?” என்றால் பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். இதயத் தமனி அடைப்பின் வேதனை ஊசி குத்துவது போல் இருப்பதில்லை. பாறாங்கல்லை வைத்தது போல் பாரம், பிசைவது, இறுக்குவது, எரிச்சல் என்று வரும். தாடையில், தொண்டையில், இடது தோளில், மேல் வயிற்றில்கூட வரலாம். இதையெல்லாம் நாம் வலி என்று சொல்வதில்லை. வாயு என்போம், கேஸ் என்போம், ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழியைப் போடுவோம். எனவே கேட்க வேண்டிய விதம் வேறு: “மாடிப்படி ஏறும்போது நெஞ்சு, கழுத்து, தாடை, கை எங்காவது இறுக்கமோ பாரமோ வந்து, நின்றால் போய்விடுகிறதா?” நடந்தால் வந்து நின்றால் போகும் ‘வாயு’, பெரும்பாலும் வாயு இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்துப்போய் இந்த இறுக்கமும் தெரியாமல் போகலாம். பெண்களிடம் மூச்சு வாங்குவதும் காரணமில்லாத அசதியும் முன்னால் நிற்கலாம்.

ஆறாவது கேள்வியிலும் இதே கதை. “பி.பி. இருக்கா?” “முன்னாடி இருந்துச்சு, இப்ப நார்மல்.” “மாத்திரை?” “அது தினமும் போடுறேன்.” மாத்திரையால் அடங்கியிருக்கும் பி.பி.யை இல்லாத பி.பி.யாகக் கணக்கு வைப்பது நம் வழக்கம். அதனால்தான் தாள் நோயைக் கேட்காமல் மாத்திரையைக் கேட்கிறது.

மாத்திரையின் பெயரும் முக்கியம். மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகம் கூட்டுபவர் ஏமாந்துபோவார். இன்சுலினோ கிளிமிபிரைட் வகை மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின் நடுவில் சர்க்கரை சரிந்து கை நடுங்கலாம், வியர்த்துக் கொட்டலாம். பயிற்சிக்கு முன் அளவு 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பளு தூக்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1985இல் வெளியான ஒரு கனடா ஆய்வில் உடல் கட்டழகர்களின் தமனிக்குள்ளேயே அளவி செருகி அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். இரு கால்களாலும் பெரும் பளுவைத் தள்ளும்போது சராசரி ரத்த அழுத்தம் 320/250 என்ற அளவைத் தொட்டது, ஒருவருக்கு 480/350. மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டுவது இதற்கு முக்கியக் காரணம். ஆரோக்கியமான ரத்தக் குழாய் இந்தச் சில விநாடிகளைத் தாங்கிவிடும். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவருக்கும், கட்டுக்குள் வராத பி.பி. உள்ளவருக்கும் அது விபரீதம். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள் என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதற்காகத்தான்.

டிஎம்டி எதைக் காட்டும்?

“எதற்கு வம்பு, எல்லாருக்கும் ஒரு டிஎம்டி எடுத்துவிடலாமே” என்று தோன்றும். டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் இந்தச் சோதனை, சியாட்டிலைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் 1963இல் வகுத்த முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். அறிகுறி உள்ளவரிடம் இது நல்ல கருவி. அறிகுறி இல்லாதவரிடம் கணக்கு தலைகீழாகிறது.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத 1,000 பேர். அவர்களில் 20 பேருக்கு உள்ளே அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடைப்பு உள்ளவர்களில் சுமார் 70 சதவீதத்தினரை டிஎம்டி பிடிக்கும். ஆக 14 பேர் சிக்குவார்கள், 6 பேர் தப்பிவிடுவார்கள். அடைப்பு இல்லாத 980 பேரில் சுமார் 23 சதவீதத்தினருக்கும் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டும். அது 225 பேர். மொத்தம் 239 பேர் கையில் கலங்கவைக்கும் அறிக்கை. அவர்களில் உண்மையான நோயாளி 14 பேர். மீதிப் பேர் ஆன்ஜியோகிராம் வரை அலைந்து, பணத்தையும் தூக்கத்தையும் இழப்பார்கள். பலர் பயிற்சியே வேண்டாம் என்று முடிவு கட்டுவார்கள்.

தப்பிவிட்ட 6 பேரின் நிலை இன்னும் மோசம். அவர்கள் கையில் ‘நார்மல்’ என்ற சான்றிதழ். தவிர, பல மாரடைப்புகள் 50 சதவீதத்துக்கும் குறைவான அடைப்பு உள்ள இடத்தில்தான், படிவு வெடித்து வருகின்றன. அந்த அளவு அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்காது. எனவே டிஎம்டியில் தெரியாது. நேற்று நார்மல், இன்று மாரடைப்பு என்ற புதிருக்கு விடை இங்கே இருக்கிறது.

ஃபிக்ஸுக்கு டிஎம்டி பயன்பட்டிருக்குமா? பெரும்பாலும் ஆம். மூன்று குழாய்களிலும் அடைப்பு, இளம் வயதில் மாரடைப்பு வந்த தந்தை, பழைய புகைப்பழக்கம். ஓடும்போது தொண்டையில் இறுக்கம் வருவதாக நெருங்கியவர்களிடம் அவர் சொன்னதாகவும் பிறகு தெரியவந்தது. இப்படிப்பட்டவருக்காகத்தான் அந்தச் சோதனை. ஆனால் அவரைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. இரண்டு கேள்விகள் போதும்.

35 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் திடீர் மரணத்துக்குக் காரணங்கள் பெரும்பாலும் வேறு: பிறவியிலேயே தடித்த இதயத் தசை, மின்னோட்டக் கோளாறு போன்றவை. அவர்களிடம் கேட்க வேண்டியது குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்தார்களா, ஓடும்போது மயக்கம் வந்ததா என்பதுதான். போட்டியில் இறங்கும் விளையாட்டு வீரர்களுக்கு ஈசிஜியை இத்தாலி 1982இல் கட்டாயமாக்கியது. வெனெட்டோ பகுதியில் அதன் பிறகு வீரர்களின் திடீர் மரணம் 89 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளியானது. இஸ்ரேலும் 1997இல் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது. அங்கே மரண விகிதத்தில் மாற்றம் தெரியவில்லை.

வாசலை அடைக்கும் காவலாளி

வடிகட்டியைக் கடுமையாக்கினால் என்ன ஆகும் என்பதை 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அன்று புழக்கத்தில் இருந்த கேள்வித்தாள் ஒன்றின்படி பார்த்தால், 40 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயதும் தொப்பையும் கொலஸ்டிராலும் இருந்தாலே அதில் ‘ஆபத்து’ கூடிக்கொண்டே போகும். இப்படி ஒரு காவலாளியை நிறுத்தினால் பூங்காவுக்குள் யாரும் நுழைய முடியாது.

மறு ஆண்டே அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு தன் வழிகாட்டலை மாற்றியது. கொலஸ்டிரால், தொப்பை, வயது என்று ஆபத்துக் காரணிகளை எண்ணிக் கூட்டுவதைக் கைவிட்டது. மூன்றை மட்டும் பார்க்கச் சொன்னது. ஒன்று, கடந்த மூன்று மாதங்களாக வாரத்துக்கு மூன்று நாளாவது அரை மணி நேரம் மிதமான பயிற்சி செய்கிறாரா? இரண்டு, இதயம், சர்க்கரை, சிறுநீரகம் தொடர்பான நோயோ அறிகுறியோ உண்டா? மூன்று, எவ்வளவு கடுமையான பயிற்சியில் இறங்கப்போகிறார்?

நோயும் அறிகுறியும் இல்லாதவர், எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவரானாலும், மிதமான பயிற்சியை நேரடியாகத் தொடங்கலாம். நோய் உண்டு, பயிற்சிப் பழக்கம் இல்லை என்றால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறிகுறி இருந்தால், மாரத்தான் வீரரே ஆனாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஃபிக்ஸ் நின்றிருக்க வேண்டிய வரிசை அதுதான்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

நோய் வடிகட்டல் ஒரு பாதி. தகுதியை அளப்பது மறு பாதி. அதற்குப் பெரிய ‘மாஸ்டர் செக்கப்’ தேவையில்லை.

பி.பி.யும் சுகரும் அவசியம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இவ்விரண்டையும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு எடுத்த பி.பி.தான் கணக்கு. ஓய்வில் 200/110-ஐத் தாண்டியவருக்கு டிஎம்டியைக்கூடத் தள்ளிவைப்பார்கள். அவர் முதலில் போக வேண்டிய இடம் ஜிம் இல்லை.

அடுத்தது கால் வலு. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். முதியவர்களுக்காக வகுத்த சோதனை இது. ஆனாலும் அலுவலக நாற்காலியில் பத்து மணி நேரம் இருக்கும் நாற்பது வயதுக்காரர்கள் செய்து பார்த்தால் முகம் சிவக்கும். எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதிவையுங்கள். எட்டு வாரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்றாவது, பேச்சுச் சோதனை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடும் வேகம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கும் இந்த அளவுகோல் பொய் சொல்லாது. புதியவர் முதல் மாதம் முழுக்கப் பேச முடிகிற வேகத்திலேயே இருக்கட்டும். பத்து நிமிட நடையில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினாலே போதும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் மெதுவாக, முடிவில் ஐந்து நிமிடம் மெதுவாக. 107 மடங்கை 2.4 மடங்காக இறக்கிக்கொண்டுவரும் மருந்து இந்தப் படிப்படியான பழக்கத்தில் இருக்கிறது. எந்தப் பரிசோதனைக் கூடமும் அதை விற்பதில்லை.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். ஏழு கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ போன் போட்டு, குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைச் சேருங்கள். ஏழில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் அதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களிடம் அவர் நடக்கத்தான் சொல்வார். ஏழுக்கும் நேர்மையாக ‘இல்லை’ என்று எழுத முடிந்தவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாளைக் காலை பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.